ரத்தக் குழாயைப் பற்றிக்கொண்டு புது நரம்புச் செல் வந்து சேருமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 64 வயது. ஐந்து மாதங்களுக்கு முன்பு மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. நடை ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு மெதுவாக, ஆனால் புரியும்படி வருகிறது. வலது கைதான் சொன்னபடி கேட்பதில்லை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் பன்னிரண்டு வருடங்களாக உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் ஒரு நாள் காலையில், வலது கட்டைவிரலால் சட்டைப் பொத்தானைத் துளை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். உள்ளே நுழைக்க முடியவில்லை. இடது கையால் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

இந்த நேரத்தில் வாசகியின் தம்பி ஒரு காணொளியைப் பார்த்திருக்கிறார். மூளையில் புதிதாகப் பிறக்கும் நரம்புச் செல்கள் ரத்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட இடத்துக்கு நகர்ந்து போகின்றன, ரத்த ஓட்டம் கூடினால் வேகமாகப் போகின்றன, பசித்திருந்தால் இன்னும் வேகம் என்று அதில் சொன்னார்களாம். அன்றிலிருந்து வீட்டில் விவாதம். அப்பாவைப் பட்டினி போடலாமா? ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரையைக் கூட்டலாமா? ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொல்லும் ஒரு சிகிச்சை மையத்துக்கு, கையிருப்பைத் திரட்டிக்கொண்டு போகலாமா? செல்கள் தாமாகவே வந்து சேரும் என்றால், அப்பாவுக்கு அலுத்துப்போன பிசியோதெரபியை நிறுத்திவிடலாமா? கடைசியாக, ஐந்து மாதம் கடந்துவிட்டதே, இனி முன்னேற்றம் இருக்குமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி பார்த்த காணொளி முழுப் பொய் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது சிரமமாக இருக்கிறது. வெறும் புரளியாக இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். இது நல்ல ஆய்வுக்கூடங்களில் வருடக்கணக்காகப் பார்த்து உறுதிசெய்த விஷயம். ஆனால் அங்கே பார்த்தது எந்த விலங்கில், மூளையின் எந்த இடத்தில் என்பதைக் காணொளி சொல்லாமல் விட்டுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

எலியின் மூளையில் என்ன நடக்கிறது?

மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் பக்கச் சுவரில், வளர்ந்த எலிக்கும் கூட, புது நரம்புச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அங்கே பிறந்த செல் அங்கேயே தங்குவதில்லை. மூளையின் முன்பக்கம், மோப்பத்தைக் கவனிக்கும் பகுதிக்குச் சில மில்லிமீட்டர் தூரம் நகர்ந்து போய்ச் சேருகிறது.

அட்டை ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். முன்னால் மெல்லிய இழை ஒன்றை நீட்டித் துழாவும். உடல் அசையாமல் கிடக்கும். அப்புறம் பின்பக்கம் சுருங்க, உட்கருவோடு சேர்ந்து உடல் ஒரே இழுப்பில் முன்னே போகும். மறுபடி ஓய்வு, மறுபடி நீட்டல். மணிக்குச் சில பத்து மைக்ரான் தூரம் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). ஒரு முழு நாளில் ஒரு மில்லிமீட்டர் போனாலே நல்ல வேகம்.

கரு வளரும் காலத்தில் இப்படி நகரும் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு பிடிமானம் உண்டு. மூளையின் உட்சுவரிலிருந்து வெளிப்பரப்பு வரை நீளும் துணைச் செல்களின் இழைகளைப் பிடித்து அவை ஏறிப்போகும். பிறந்த பிறகு அந்த இழைகள் மறைந்துவிடுகின்றன. அதற்குப் பின் கொழுகொம்பாக மிஞ்சுவது ரத்தக் குழாய்கள். குழாயின் வெளிப்பக்கம் லாமினின் என்ற புரதம் பூசினாற்போல் இருக்கிறது. புதுச் செல் அதில் பிடித்துக்கொள்கிறது. குழாய்ச் சுவரின் செல்கள் பி.டி.என்.எஃப் என்ற இன்னொரு புரதத்தைக் கசிய விடுகின்றன. அது நகரச் சொல்லும் சமிக்ஞை. சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் அந்தப் புரதத்தை உறிஞ்சிக்கொண்டால் நகரும் செல் நின்றுவிடும். உறிஞ்சச் சொல்லி ஆஸ்ட்ரோசைட்டுக்குத் தகவல் கொடுப்பதே அந்தப் புதுச் செல் வெளியிடும் ஒரு வேதிப்பொருள்தான். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தத் துறையில் இருக்கிறேன். இந்த ஏற்பாட்டைப் படித்த அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பக்கவாதம் வந்த எலியில், இந்தச் செல்களில் ஒரு பகுதி வழக்கமான பாதையை விட்டு விலகி, அடிபட்ட இடத்தை நோக்கித் திரும்புகின்றன. அப்போதும் ரத்தக் குழாய்களின் ஓரமாகத்தான். அந்தக் குழாய்கள் வெளியிடும் சில புரதங்கள் அவற்றை இழுக்கின்றன. இதுவரை காணொளி சொன்னது சரி.

போய்ச் சேர்ந்தவை என்ன ஆகின்றன?

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் எலிகளில் இதை எண்ணிப் பார்த்தார்கள். அடிபட்ட இடத்துக்கு வந்த புது நரம்புச் செல்களில் ஐந்தில் நான்கு பங்கு சில வாரங்களிலேயே மடிந்துபோயின. மிஞ்சியவை, செத்துப்போன நரம்புச் செல்களில் 0.2 சதவீதத்தைத்தான் ஈடுசெய்தன. அதாவது ஆயிரத்துக்கு இரண்டு. அடிபட்ட இடத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகள் தடித்து வேலி போட்டுவிடுவதால் உள்ளே நுழைவதே பல செல்களுக்கு முடிவதில்லை.

மனிதர்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கறாரானது. மோப்பப் பகுதிக்குப் போகும் அந்தப் பாதை நமக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. மனித மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, அதில் செல்களின் ஓட்டம் சுமார் ஒன்றரை வயதுக்குள் ஏறக்குறைய வற்றிவிடுகிறது என்று காட்டியது. பக்கவாதம் வந்தவர்களின் மூளைத் திசுவில், ரத்தக் குழாய்களை ஒட்டி, புது நரம்புச் செல்லின் அடையாளம் உள்ள செல்கள் தெரிந்ததாக 2006இல் ஒரு குழு எழுதியது. உங்களைப் போலவே நானும் அன்று மகிழ்ந்தேன். ஆனால் 2014இல் வேறொரு குழு கார்பன்-14 முறையில் சோதித்தது. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, ஒரு செல் பிறந்த காலத்தை அதன் மரபணுவில் பதித்து வைக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், பக்கவாதம் தாக்கிய மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில் இருந்த நரம்புச் செல்கள் எல்லாம் அந்த மனிதரின் வயதை ஒத்தவை. பக்கவாதத்துக்குப் பின் பிறந்து நிலைத்த செல்கள் என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை.

நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் பெரியவர்களுக்கும் புதுச் செல்கள் பிறக்கின்றனவா என்று வேறொரு வழக்கு ஓடுகிறது. 2018இல் சில வார இடைவெளியில் ஒரு குழு இல்லை என்றது, இன்னொன்று உண்டு என்றது. அது சுவாரஸ்யமான சண்டைதான். உங்கள் அப்பாவின் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பட்டினி போடலாமா?

வேண்டாம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. ஜப்பானின் நகோயாவில் ஒரு குழு, ரத்த ஓட்டம் அதிகமுள்ள குழாய்களின் ஓரமாகத்தான் புதுச் செல்கள் அதிகம் நகர்கின்றன, ஓட்டத்தைத் தடுத்தால் நகர்வும் குறைகிறது என்று காட்டியது. ரத்தத்தில் வரும் கிரெலின் அதற்கு ஒரு காரணம் என்றும் கண்டது. கிரெலின் வயிறு காலியாக இருக்கும்போது கூடுகிற பசி ஹார்மோன். சற்று முன்பு சொன்னேனே, செல்லின் பின்பக்கம் சுருங்கி உடலை முன்னே தள்ளும் என்று, அந்தச் சுருக்கத்தை கிரெலின் ஊக்குவிக்கிறது.

அழகான ஆய்வு. ஆனால் அந்தச் செல்கள் போவது மோப்பப் பகுதிக்கு. பசித்த எலிக்கு இரை தேட மூக்கு கூர்மையாக வேண்டும். அதற்கான ஏற்பாடாக இது இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். பக்கவாதம் வந்த மனிதரைப் பட்டினி போட்டால் கை தேறும் என்று அதில் எங்கும் இல்லை.

மாறாக, உங்கள் அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவற்றில் சில வகைகளைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். ஏற்கனவே அடிபட்ட மூளைக்கு அது இன்னொரு அடி. போதிய புரதம் கிடைக்காவிட்டால், அசைவு குறைந்த கையில் தசை இன்னும் வேகமாகக் கரையும். அவர் ஏற்கனவே ஒன்றிரண்டு வேளை பட்டினி இருந்து, வியர்வை, நடுக்கம், குழப்பம் எதுவும் வந்திருந்தால் இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையைக் கூட்டலாமா?

இதிலும் ஒரு தவறான புரிதல் ஒளிந்திருக்கிறது. அது உங்கள் தப்பு இல்லை, நாங்கள் வைத்த பெயரின் தப்பு. 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை' என்று சொல்லிச் சொல்லி, தண்ணீர் கலந்த மாதிரி ரத்தம் வேகமாக ஓடும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை, ஓட்டத்தைக் கூட்டுவதுமில்லை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு உண்டாவதைத் தடுக்கின்றன, அவ்வளவுதான். அளவைக் கூட்டினால் கூடுவது ரத்தக் கசிவு ஆபத்து. அது மூளைக்குள்ளும் நடக்கலாம். இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துத் தருவதைக் கூட, பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். ரத்த ஓட்டத்துக்கு என்று சொல்லி விற்கும் மூலிகை மாத்திரைகளும் இவற்றோடு சேர்ந்து கசிவைக் கூட்டக்கூடும். வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழாய்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் இதைவிடச் சாதாரணமானது. பி.பி.யை 130/80க்குக் கீழே வைக்கச் சொல்லுகின்றன பெரும்பாலான வழிகாட்டுதல்கள். அப்பாவுக்கான இலக்கு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, கொழுப்புக்கான மாத்திரைகள், புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவது, தினசரி நடை. இதையெல்லாம் காணொளியாக எடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஸ்டெம் செல் ஊசி

தம்பி இதில் தீவிரமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் கோபப்படாதீர்கள். அப்பாவுக்காக எதையும் செய்யத் தயார் என்பதைத்தான் அவர் இப்படிச் சொல்கிறார். ஆனால் மேலே படித்ததை நினைத்துப் பாருங்கள். மூளைக்குள்ளேயே பிறந்து, பிடித்துப்போகக் குழாயும், நகரவும் நிற்கவும் சமிக்ஞையும் உள்ள செல்லே அடிபட்ட இடத்தில் நிலைக்கப் போராடுகிறது. வெளியே எடுத்து ரத்தத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ செலுத்தும் செல் அங்கே போய் நரம்புச் செல்லாக மாறி இணைப்பு போட்டுவிடும் என்பதற்கு என்ன ஆதாரம்? பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை உலகம் முழுக்க இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆபத்தும் கற்பனை இல்லை. பக்கவாதத்துக்காக வெவ்வேறு நாடுகளுக்குப் போய் இப்படி ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு முதுகுத்தண்டில் கட்டி வளர்ந்ததை 2016இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. சோதித்ததில் அந்தக் கட்டியின் செல்கள் அவருடையவை அல்ல. வேறொருவரின் உடலிலிருந்து வந்தவை.

போயே தீருவேன் என்று தம்பி சொன்னால், போகும் முன் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா? பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் காட்ட முடியுமா? என்ன செல், யாரிடமிருந்து எடுத்தது? பாதகம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, எழுத்தில் தருவீர்களா? ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வரலாமா? உண்மையான ஆய்வுகளில் சோதனைச் சிகிச்சைக்குப் பங்கேற்பவரிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. இங்கே கையிருப்பையே கேட்கிறார்கள் என்பதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். இன்னொன்று, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. அவருக்குப் பேச்சுதான் மெதுவாகியிருக்கிறது. புரிதல் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு பக்கக் கடிதத்தில் அவர் என்ன விரும்புகிறார் என்று ஒரு வரி கூட இல்லை. அவரிடம் கேட்டீர்களா?

எலியில் பார்த்ததை நம்பி மனிதருக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையிலேயே ஒரு பாடம் உண்டு. ஃபுளுஆக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை எலியின் ஹிப்போகாம்பஸில் புது நரம்புச் செல்களைக் கூட்டும். பக்கவாதம் வந்தவர்களிடம் 2011இல் நடந்த ஒரு சிறிய ஆய்வு நல்ல பலன் காட்டியது. பலரும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தோம், நானும்தான். பிறகு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் செயல்திறன் கூடவில்லை. எலும்பு முறிவுகள் கூடின. மனச்சோர்வு இருப்பவருக்கு அது நல்ல மருந்துதான். கை தேறுவதற்காகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் அப்பா எப்படித் தேறினார்?

ஐந்து மாதங்களுக்கு முன்பு அசையாமல் கிடந்த கட்டைவிரல் போன வாரம் பொத்தானைத் துளை வரை தள்ளியிருக்கிறது. அதைப் புதுச் செல்கள் வந்து செய்யவில்லை. சாகாமல் தப்பித்த பழைய நரம்புச் செல்கள் செய்தன. அடிபட்ட இடத்தின் ஓரத்தில் உள்ளவை புதுக் கிளைகள் விட்டன. தூங்கிக் கிடந்த இணைப்புகள் விழித்தன. பக்கத்துப் பகுதிகள் வேலையைப் பகிர்ந்துகொண்டன. ரத்தக் குழாய்க்கு இதிலும் பங்கு உண்டு. அந்த ஓரப் பகுதியில் புது நுண்குழாய்கள் முளைக்கின்றன. நரம்பின் கிளை நுனியும் குழாயின் கிளை நுனியும் வழி தேடுவதற்குப் பல இடங்களில் ஒரே சமிக்ஞைப் புரதங்களைப் பயன்படுத்துகின்றன. தம்பியின் ஆர்வத்துக்குத் தீனி வேண்டுமென்றால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கிளை நிலைக்கும், எது உதிரும் என்பது பெரிதும் பயிற்சியைப் பொறுத்தது. அதனால் பிசியோதெரபியை நிறுத்துவது, நீங்கள் கேட்ட நான்கு யோசனைகளிலும் எனக்கு அதிகம் கவலை தந்தது. மற்ற மூன்றிலும் மருத்துவர் யாராவது குறுக்கே நின்று தடுப்பார். இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். கை மெல்ல இறுகிப்போகும்.

ஐந்து மாதம் என்பது தாமதமா என்று கேட்டீர்கள். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகு கதவு சாத்திவிடும் என்பது உண்மையில்லை. அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோருமே பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதைப் பயன்படுத்த விடாமல், பலவீனமான கைக்கு இரண்டு வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பலன் ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. உங்கள் அப்பா பொத்தான் வராதபோது இடது கையால் போட்டுக்கொண்டார் அல்லவா? அந்தப் பழக்கத்தைத்தான் இந்த முறை உடைக்கிறது. இதை நீங்களாக வீட்டில் ஆரம்பிக்காதீர்கள். நல்ல கையைக் கட்டிவிட்டால் தடுமாறும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, விழுந்துவிடுவார். சிகிச்சையாளர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது பின்னோக்கி நிமிர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

அலுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் பந்தை நூறு முறை அமுக்கச் சொன்னால் எனக்கும் அலுக்கும். அவருக்குப் பொத்தான் முக்கியம் என்று தெரிகிறது. பழைய சட்டை ஒன்றை எடுத்து, துளைகளைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, பெரிய பொத்தான்களைத் தைத்துக் கொடுங்கள். வாரங்கள் போகப் போகத் துளையைச் சுருக்கிக்கொண்டே வரலாம். முழுக்க ஆர்வமிழந்து, தூக்கமும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது சோம்பல் இல்லை. பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகச் சாதாரணம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, கேளுங்கள்.

திடீரென்று முகம் கோணுவது, பேச்சு குழறுவது, புதிதாகப் பலவீனம், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, இவற்றில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

மற்றபடி, இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவை உட்கார வைத்து, வலது முன்கையை மேசைமேல் உள்ளங்கை கீழே பார்க்க வைத்து, கை மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள், பிறகு விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து தம்பி அதைக் கைபேசியில் படம் எடுக்கட்டும். அடுத்த முறை சிகிச்சையாளரிடம் போகும்போது அந்தப் படத்தைக் காட்டி, உறை மாட்டும் பயிற்சிக்கு இந்தக் கை தகுதியா என்று கேளுங்கள். கை கொஞ்சம்கூட மேலே எழவில்லை என்றாலும் படத்தை எடுத்துப்போங்கள். அந்த நிலையிலுள்ள கைக்கு வேறு பயிற்சிகள் இருக்கின்றன.